அக்காவின் ஆபீஸில் நான் வைத்த சர்வர்

அந்தச் சர்வர் இன்றைக்கும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். முதுநகர் உப்புக்காற்றில் நான் வைத்த பெட்டிகள் எத்தனையோ ஒரே வருடத்தில் துருப்பிடித்து மூச்சை விட்டிருக்கின்றன. இது மட்டும், சிதம்பரத்தில் ஒரு கட்டட இன்ஜினியர் ஆபீஸின் மூலையில், ஒருநாள்கூட மக்கர் பண்ணாமல் ஓடுகிறது. என் அக்காவின் வேலையை விழுங்கிவிட்டு ஓடுகிறது. அதை அங்கே வைத்தவன் நான். அந்த ஆர்டரை எனக்கு வாங்கித் தந்தவள் அக்கா.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நடந்தது புரியும். கடலூர் முதுநகரில் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் போட்டுத் தருவதுதான் முக்கியமான தொழில். கை சுத்தம், வேலை சுத்தம், வாய்தான் சரியில்லை. தெரிந்ததை உடனே சொல்லிவிடுவேன். தெரியாததை அதற்கும் முன்னால் சொல்லிவிடுவேன். கோபம் வந்தால் எதிரில் நிற்பது யாரென்று பார்க்கமாட்டேன். "தவள தன் வாயால கெடும்டா" என்று அம்மா இருந்தவரை சொல்லிக்கொண்டே இருந்தாள். தவளை மட்டும் கெட்டிருந்தால் பரவாயில்லை.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். என்னைவிடக் கெட்டிக்காரி. ஆனால் அவளைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, தட்டித் தடுமாறிப் பாஸ் செய்த என்னை டிப்ளமோவுக்கு அனுப்பினார்கள். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. கல்யாணமாகிச் சிதம்பரம் போனாள். மாமாவுக்குச் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு அந்த இன்ஜினியர் ஆபீஸில் போன் எடுக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். பதினோரு வருடம் இருந்தாள்.

போன் எடுப்பது பேருக்குத்தான். அவளுடைய உண்மையான வேலை வேறு. இன்ஜினியர் சாருக்கு இன்டர்நெட் என்றாலே பயம். அவர் வரைந்த பிளான் ஒன்று மெயிலில் எப்படியோ வெளியே போய், வேறொருவர் கையில் வீடாக எழும்பிவிட்டதாம். அன்றிலிருந்து வரைகிற கம்ப்யூட்டர் எதற்கும் இன்டர்நெட் கிடையாது, வாட்ஸ்அப் கிடையாது. மாடியில் வரைவார்கள். கீழே எஸ்டிமேட் போடுவார்கள். பின்கட்டில் பெரிய பேப்பரில் பிரிண்ட் எடுப்பார்கள். இந்த மூன்று இடத்துக்கும் நடுவே ஃபைல்களைக் கொண்டுபோவது அக்கா. காலையில் வந்ததும் பென்டிரைவைப் பட்டை நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வாள். சாயங்காலம் வரை மாடிக்கும் கீழுக்கும் நடை. பையன்கள் கேலியாக "பென்டிரைவ் மேடம்" என்பார்கள். கேலியோ என்னவோ, அதில் மேடம் என்று ஒரு வார்த்தை இருந்தது. அவளை வேறு யாரும் எங்கேயும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஃபைலைத் தூக்கிக்கொண்டு நடப்பது ஒரு வேலையா என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஒரு வீட்டுக்குப் பிளான் ஒன்றோடு முடியாது. வீட்டுக்காரம்மா வந்து சமையலறையைப் பெரிசாக்கச் சொல்வார். துபாயிலிருந்து மகன் வீடியோ காலில் வந்து பால்கனி கேட்பான். வாஸ்துக்காரர் வந்து பாத்ரூமை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்த்துவார். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபைல். ஃபைனல், ஃபைனல் ஒன்று, புது ஃபைனல், நிஜ ஃபைனல் என்று ஆளாளுக்கு ஒரு பேர் வைத்திருப்பார்கள். இதில் எது நிஜமான கடைசி என்று வரைந்தவனுக்கே தெரியாது. அக்காவுக்குத் தெரியும்.

"எப்படிக்கா கண்டுபுடிக்கிற?" என்று கேட்டேன்.

"அந்தம்மா வந்து அழுதுச்சுடா, மாமியாருக்கு மாடி ஏற முடியல, கீழ ஒரு ரூம் வேணும்னு. நாந்தான் தண்ணி குடுத்து உக்கார வெச்சேன். அதுக்கப்புறம் வரஞ்சதுதான் சரியானது. மத்ததெல்லாம் வேஸ்ட்டு."

அப்படித்தான் அவள் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தாள். யார் அழுதார், யார் சண்டை போட்டார், யார் வீட்டில் நிச்சயதார்த்தம் நின்றுபோய் மாடி ரூமே வேண்டாம் என்றார்கள். ஊரில் பாதி வீட்டின் கதை அவள் தலைக்குள் இருந்தது.

ஒருநாள் அந்தப் பென்டிரைவ் வழியாகவே வைரஸ் வந்தது. இரண்டு நாள் மாடியில் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. இன்ஜினியர் சார் அப்போதே முடிவு செய்துவிட்டார். இனி பென்டிரைவ் கூடாது, ஒரு சர்வர் வைத்து எல்லா ஃபைலையும் அதில் போட்டு, அவரவர் கம்ப்யூட்டரிலிருந்தே திறக்கும்படி செய்யவேண்டும். அக்கா சும்மா இருந்திருக்கலாம். "என் தம்பி இருக்கான் சார், கடலூர்ல இதே வேலதான் செய்றான்" என்று முந்திக்கொண்டு சொல்லியிருக்கிறாள். அன்று மதியமே எனக்குப் போன்.

"டேய், நல்ல ஆபீஸ்டா. இங்க வேல நல்லா அமைஞ்சா சிதம்பரம் பூரா உன்னையத்தான் கூப்புடுவாங்க. வாயக் கொஞ்சம் அடக்கிக்கிட்டு வா" என்றாள்.

நான் போனேன். வாயை எங்கே அடக்கினேன்?

முதல் நாளே சாரோடு முட்டிக்கொண்டேன். சர்வரை எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை. எனக்கு முன்ரூமில் காற்றோட்டமாக ஓர் இடம் பிடித்திருந்தது. அவரோ கரண்ட் சம்பந்தப்பட்டது எல்லாம் அக்னி மூலையில்தான் இருக்கவேண்டும் என்றார். அந்த மூலைச் சுவருக்கு அந்தப்பக்கம் பாத்ரூம். கையை வைத்தால் சுவர் ஈரம்.

"இங்க வெச்சா ஒரு மழைக்குத் தாங்காது சார்."

"நான் இருபது வருஷமா வீடு கட்டறவன் தம்பி."

"நீங்க வீட்டக் கட்டுங்க சார். நெட்வொர்க்க நான் கட்டறேன்."

அக்கா வாசல் பக்கம் நின்று கண்ணாலேயே என்னைக் கெஞ்சினாள். நான் நிறுத்தவில்லை. ஈரச் சுவரில் மின்சாரத்தை வைக்கச் சொல்வது எந்தச் சாஸ்திரம் என்று கேட்டுவிட்டேன். அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சார் திரும்பி உள்ளே போனார். சர்வர் அக்னி மூலைக்குத்தான் போனது. சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு மரப்பலகை அடித்துச் சமாளித்தேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் என்னிடம் நேரில் பேசவில்லை. சொல்லவேண்டியதை ஒரு தாளில் எழுதி அக்காவிடம் கொடுத்தனுப்புவார். நானும் நேரில் போய் எதுவும் கேட்கவில்லை. எனக்கென்ன வீம்பு குறைச்சலா?

வேலை நடந்தது. மாடிக்கும் கீழுக்கும் கேபிள் இழுத்தேன். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நிலையான எண் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரு சுவிட்ச் பெட்டியில் சேர்த்தேன். அடுத்தது ஆட்கள். யார் யாருக்கு லாகின், யார் எந்த ஃபோல்டரைப் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்று முதலாளிதான் சொல்லவேண்டும். கேட்டனுப்பினேன். மறுநாள் காலை அக்கா ஒரு மடித்த தாளைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"லிஸ்ட்டுடா. சார் குடுத்தாரு."

அவள் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. மற்றவர் தாளைப் பிரிக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. நான் பிரித்தேன். பதினோரு பேர் இருந்தார்கள். ஆபீஸில் சாரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். இரண்டுதரம் எண்ணினேன். அக்காவின் பேர் இல்லை.

இங்கேதான் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். பெரிய ஆபீஸ்களில் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருப்பார். அவருக்குத் தனி லாகின், எல்லா ஃபோல்டருக்கும் அதிகாரம் உண்டு. மற்றவர்களோடு பட்டியலில் அவர் பேர் வராது. நான் வேலை செய்த இரண்டு மூன்று இடங்களில் அப்படித்தான். அப்படியானால் இங்கே யாரை வைப்பார்கள்? எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் யார்? எனக்குக் கணக்குச் சரியாக வந்துவிட்டது. சாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்தது. ஆனால் நான்தான் அவரிடம் பேசுவதில்லையே.

"அக்கா, உன் பேரு இதுல இல்ல."

அவள் முகம் ஒரு நொடி செத்துப்போனது. நான் சிரித்தேன். அட பாவி, சிரித்தேன்.

"பயப்படாதக்கா. லிஸ்ட்டுல இருக்கறவுங்கல்லாம் சாதாரண யூசரு. நீதான் அட்மினு. சர்வர் மொத்தமும் உன் கையிலதான். இனிமே அவுங்க ஒரு பாஸ்வேர்ட மறந்தாக்கூட உன்கிட்டதான் வந்து நிக்கணும்."

"சார் சொன்னாராடா?"

"சொல்லணுமா? இதுதான் முறை. வேற யார வெப்பாரு? மாடில இருக்கற பசங்களையா?"

அவள் நம்பவில்லை. பிறகு நம்பினாள். நான் டிப்ளமோ படித்தவன், பத்து ஆபீஸுக்கு நெட்வொர்க் போட்டவன். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு அதெல்லாம் வருமாடா?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் பேரில் அட்மின் லாகின் ஒன்று போட்டுக் கொடுத்தேன். அடுத்த எட்டு நாள் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். நோட்டு ஒன்று வாங்கிவைத்துக்கொண்டு, நான் சொல்வதையெல்லாம் தமிழில் எழுதிக்கொண்டாள். புது ஆளைச் சேர்ப்பது எப்படி, பாஸ்வேர்ட் மாற்றுவது எப்படி, சாயங்காலம் பேக்கப் ஓடியதா என்று பார்ப்பது எப்படி. ஒருமுறை சொன்னால் போதும், மறுமுறை அவளே செய்துவிடுவாள். எனக்கு ஆறு மாதம் பிடித்ததை அவள் எட்டு நாளில் பிடித்தாள். அவளைப் படிக்கவைத்திருந்தால் நான் அவள் கடையில் கேபிள் சுற்றிக்கொண்டிருந்திருப்பேன்.

அவளும் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். எந்த வீட்டு ஃபைல் எங்கே போகவேண்டும், எதை வைத்துக்கொண்டு எதைத் தூக்கிப்போடவேண்டும், எந்தெந்தப் பிளான் இன்னும் ஒப்புதலுக்காக நிற்கிறது. அவள் சொல்லச் சொல்ல நான் ஃபோல்டர் போட்டேன். தெரு வாரியாக, வருட வாரியாக. பதினோரு வருடமாக அவள் தலையில் இருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன். எல்லாம் வைக்க முடியவில்லை. நேரமில்லாமல், முடியாத வேலைகளின் ஃபைல்களை அப்படியே ஒரே ஃபோல்டரில் கொட்டி, எல்லாவற்றையும் வரைகிற சாஃப்ட்வேரின் புது வெர்ஷனுக்கு ஒரே மூச்சில் மாற்றிச் சேமித்தேன். அதில் பழைய தேதிகள் அழிந்து எல்லாம் ஒரே நாள் தேதியாகிவிட்டன. "பரவால்லடா, எனக்குத்தான் தெரியுமே" என்றாள் அக்கா. நானும் விட்டுவிட்டேன்.

வீட்டில் சொல்லிவிட்டாள். மாமா எனக்குப் போன் செய்து, "மச்சான், உங்க அக்கா இனிமே அதிகாரியாம்ல. நானு கைகட்டித்தான் நிக்கணும் போல" என்று சிரித்தார். அவருக்கும் பெருமை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். பக்கத்து வீடு, எதிர்வீடு, பால்காரர் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தெருவில் யாரோ கேட்டதற்கு, "ஆமாங்க, சர்வர் இன்சார்ஜு, பொறுப்பு ஜாஸ்தி" என்று அவள் சொன்னதை அவளே எனக்குச் சொல்லிச் சிரித்தாள்.

சர்வர் தொடக்க நாள் ஒரு வெள்ளிக்கிழமை காலை. பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். காற்றுப் போகும் துளைகளில் வைக்காதீர்கள் என்று கத்த நினைத்து, அக்கா முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். தேங்காய் உடைத்தார்கள். அவள் மயில்கழுத்து நிறத்தில் பட்டுக் கட்டி வந்திருந்தாள். என் போனை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். "சார் எதாச்சும் சொன்னாருன்னா போட்டோ எடுடா, மாமாவுக்குக் காட்டணும்."

சார் பேசினார். ஆபீஸ் ஒரு புதுக்கட்டத்துக்கு வந்திருக்கிறது என்றார். இதற்கெல்லாம் காரணமான ஒருவரைக் கௌரவிக்கவேண்டும் என்று சொல்லி அக்காவைக் கூப்பிட்டார். பிளாஸ்டிக் உறையைப் பிரித்துச் சரிகைக்கரை போட்ட பொன்னாடையை எடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அக்கா கூச்சத்தோடு தலையைக் குனிந்து நின்றாள். பொன்னாடை தோளில் விழுந்தது. நான் போட்டோ எடுத்தேன். இன்னும் அது என் போனில் இருக்கிறது. அழிக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

பிறகுதான் அவர் அதைச் சொன்னார். குரல் தணிவாகத்தான் இருந்தது.

"பதினோரு வருஷம் மாடி ஏறி எறங்கி ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்கம்மா. முட்டி வலின்னு நீங்களே சொன்னீங்க. இனிமே அந்தச் சிரமம் இல்ல. இந்த மாசத்தோட நீங்க வீட்டுல நல்லா ரெஸ்ட் எடுங்க. உங்க தம்பி கையாலயே இந்தச் சர்வர் அமைஞ்சதுல எங்களுக்கு ரெட்டிப்பு சந்தோஷம்."

மறுபடியும் கைதட்டினார்கள். அக்கா நிமிரவில்லை. கேட்டது சரிதானா என்று யோசிக்கிறவள் மாதிரி அப்படியே நின்றாள். பிறகு சிரித்தாள். எல்லாரும் பார்க்கிறார்களே, சிரித்துத்தானே ஆகவேண்டும்? "தேங்க்ஸ் சார்" என்றாள்.

யாரிடமும் அடங்காத என் வாய் அன்றைக்கு அடைத்துக்கொண்டது. கூட்டம் கலைந்த பிறகு சார் என் பக்கம் வந்தார்.

"என்ன தம்பி, அவுங்க மொகமே சரியில்ல. நீங்க சொல்லலயா?"

"என்னத்த சார்?"

"லிஸ்ட் குடுத்தனுப்பினேன்ல? அதுல அவுங்க பேரு இல்லன்னு பாத்திருப்பீங்களே. நான் நேர்ல சொன்னா அவுங்க மனசு கஷ்டப்படும். கூடப்பொறந்த தம்பி, நீங்க பக்குவமா எடுத்துச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

கெட்ட செய்தியைச் சொந்தக்காரர் வாயால் சொல்லவைப்பது நம்மூர்ப் பழக்கம்தான். நானும் பலமுறை செய்திருக்கிறேன். அவர் பக்குவம் என்று நினைத்து அந்தத் தாளை அனுப்பியிருக்கிறார். நான் அதைப் பதவி உயர்வு என்று படித்துக் காட்டியிருக்கிறேன். அவர் கழுத்தைப் பிடிக்க முடியாது. என் கழுத்தைத்தான் பிடித்துக்கொள்ளவேண்டும்.

"அவுங்களுக்கு எதாச்சும் லாகின் போட்டிருந்தா எடுத்துருங்க தம்பி. பசங்க சொன்னாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சர்வர் முன்னால் உட்கார்ந்தேன். அக்கா பின்னால் வந்து நின்றது தெரிந்தது.

"எடு. நீயே எடு. நீ போட்டதுதான?" என்றாள்.

அவள் பேரைத் தேர்ந்தெடுத்து நீக்கினேன். நிச்சயமாகவா என்று கம்ப்யூட்டர் ஒருமுறை கேட்டது. அதுவாவது கேட்டது.

தெற்கு வீதி வழியாக இரண்டு பேரும் நடந்தோம். வெயில் கொளுத்தியது. பொன்னாடையை மடித்துக் கைப்பையில் திணித்திருந்தாள். நான் என்னென்னமோ சொன்னேன். வேறு இடம் பார்க்கலாம், என் கடைக்கே வா, நான் போய்ச் சாரிடம் பேசுகிறேன், ஒரு கை பார்க்கிறேன் என்றெல்லாம் சொன்னேன். நடுத்தெருவில் நின்றாள்.

"நீ ஒண்ணும் சொல்லாம இருந்திருந்தா இன்னைக்கு எனக்கு வேல மட்டும்தாண்டா போயிருக்கும். இப்ப மானமும் போச்சு. தெருவுல நான் எப்படிடா நடப்பேன்?"

அவள் அழவில்லை. நான்தான் ரோட்டில் நின்று அழுதேன். அதற்கும் அவள்தான், "கண்ணத் தொடச்சிக்கடா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள்.

அதன் பிறகு என் போனை அவள் எடுக்கவில்லை. மாமாவிடம் கேட்டால், "இருக்கா மச்சான், நல்லாத்தான் இருக்கா" என்பார். கடைக்குப் போவதென்றால் பின்சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறாளாம். எதிர்வீட்டில் யாராவது ஆபீஸ் லீவா என்று கேட்டுவிடுவார்களோ என்று பயமாம். நான் அந்த ஆபீஸுக்குப் போவதை விட்டிருக்கவேண்டும். மானம் ரோஷம் உள்ளவன் விட்டிருப்பான். ஆனால் ஒரு வருடம் பார்த்துக்கொள்வதாக ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தேன், அவளோ பேசுவதில்லை, அவளால் அமைந்த வேலையை உதறினால் அதற்கும் திட்டுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாதம் ஒருதரம் பஸ் ஏறிப் போய், தூசி தட்டி, பேக்கப் பார்த்துவிட்டு, அவள் வீட்டுத் தெருவுக்குள் நுழையாமல் திரும்பி வந்தேன்.

நாலைந்து மாதம் கழித்துச் சார் பதற்றமாகக் கூப்பிட்டார். சர்வர் தப்பான பிளானைக் காட்டுகிறது என்றார். போனேன். ஒரு வீட்டுக்கு அஸ்திவாரத்துக்கு அளவு போட்டுவிட்டார்கள். வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, கீழ்ரூமையே காணோமே என்று குதித்திருக்கிறார். அந்த ஃபோல்டரைத் திறந்தேன். ஒரே வீட்டுக்கு ஒன்பது ஃபைல். ஒன்பதும் ஃபைனல். ஒன்பதுக்கும் ஒரே தேதி. அதே மாதிரி முடியாத வேலைகள் இன்னும் பதினாலு கிடந்தன. சர்வரில் ஒரு குற்றமும் இல்லை. நான் ஒரே மூச்சில் மாற்றிச் சேமித்த ஃபைல்கள் அவை.

வேறு வழியில்லை. மாமா போனுக்கு அடித்து அக்காவிடம் கொடுக்கச் சொன்னேன். எடுத்தாள்.

"எந்த வீடுடா?" என்றாள். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

சொன்னேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "அதுவா, மாடிப்படி வெளிப்பக்கமா இருக்கும் பாரு, அதத் தெற. அந்தய்யாவுக்கு ஆபரேஷன் ஆச்சுல்ல, அதுக்கப்புறம் வரஞ்சது அது." திறந்தேன். கீழ்ரூம் இருந்தது. அடுத்தது கேட்டேன். அதையும் சொன்னாள். ஒரு மணி நேரம், பதினைந்து வீடு. குரல் போகப் போகத் தெளிந்துகொண்டே வந்தது. நடுவில் ஒருமுறை சிரிக்கக்கூடச் செய்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. சார் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி ஃபைல் கிடைத்ததும், "சரி, ஓகே" என்று சொல்லிவிட்டு ரூமுக்குள் போய்விட்டார்.

"சார் எதாச்சும் சொன்னாராடா?" என்று போனில் அக்கா கேட்டாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்தக் குரலைக் கேட்டுவிட்டு என்னால் முடியவில்லை.

"சொன்னாருக்கா. உன் அரும இப்பத்தான் தெரியுதுன்னாரு. நீ இல்லாம ஆபீஸே நடக்கலன்னாரு."

"சரிடா" என்றாள். போனை வைத்துவிட்டாள். நல்லதொரு காரியம் செய்தோம் என்று எனக்கு நிம்மதி. அன்று திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து நன்றாகத் தூங்கினேன்.

அந்தப் பதினைந்து வீட்டுக்கும் ஃபைல் பேர்களை ஒழுங்காக மாற்றிவைக்க மறுநாளும் போகவேண்டியிருந்தது. சுவிட்ச் பெட்டிக்குக் கீழே தரையில் உட்கார்ந்து ஒரு கேபிளைச் சரிசெய்துகொண்டிருந்தேன். மணி ஒன்பது இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன்.

அக்கா நின்றாள். இஸ்திரி போட்ட காட்டன் சேலை, தலையில் பூ, தோளில் ஆபீஸ் கைப்பை. அவள் பழைய மேஜையில் இப்போது பிரிண்டர் இருந்தது. அதைப் பார்த்தாள். மாடிப்படியில் இறங்கி வந்த ஒருவர் அவளைப் பார்த்துத் தயங்கி, "வாங்க மேடம்" என்றார். நேற்று நான் சொன்னதை அவள் அழைப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்? நீ இல்லாமல் ஆபீஸ் நடக்கவில்லை என்று சொன்னால் என்ன அர்த்தம்?

நான் எழுந்திருப்பதற்குள் சார் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். அவர் முகத்தில் நிஜமான ஆச்சரியம்.

"அட, வாங்கம்மா! என்ன இந்தப் பக்கம்?"

அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வைதான். அதில் எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் தலையைக் குனிந்தேன்.

"ஒண்ணுல்ல சார். தம்பிக்குச் சாப்பாடு குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். வெளிய சாப்ட்டா அவனுக்கு ஒத்துக்காது."

கைப்பையைத் திறந்து டிபன் பாக்ஸை எடுத்தாள். தரையில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து குனிந்து கொடுத்தாள். "ஆறிடறதுக்குள்ள சாப்புடு" என்றாள். சாரிடம் போய்வருகிறேன் என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள்.

மதியம் அதைத் திறந்தேன். ஒருத்திக்குச் சாப்பாடு. எலுமிச்சைச் சாதம் ஓர் ஓரம், உருளைக்கிழங்கு ஓர் ஓரம், ஒரு சின்னக் கரண்டி. விடிவதற்கு முன் எழுந்து தனக்காகக் கட்டியது. ஒரு பருக்கை விடாமல் தின்றேன். அன்றைக்கு அவள் என்ன சாப்பிட்டாள் என்று இதுவரை நான் கேட்டதில்லை.